கதைக்குள் வராத பை

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு நாள், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. காலை பதினோரு மணி இருக்கும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கியவர்கள் வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே வெயிலுக்கு மட்டும்தான் வேலை. கீற்றுக் கொட்டகை ஒன்றின் நிழலில் இருபது பெண்கள் உட்கார்ந்து சோற்று வாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் நான் ஒரு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கதை படிக்கப் போயிருந்தேன். என் கதை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனு எழுதித் தருவேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவேன். மிச்ச நேரத்தில் எழுதுவேன். வசனமும் இல்லாமல் கவிதையும் இல்லாமல் இடையில் எங்கோ நிற்கும் எழுத்து. வீட்டுக்காரர் அதைக் கிறுக்கல் என்பார். ஒரு வரி சிக்கிக்கொண்டால் என்னால் நாற்காலியில் உட்கார முடியாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அனுமந்தை வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவேன். கடல் எதையும் சொல்லித் தராது என்றாலும், வந்ததும் எழுதுவேன்.

அந்தக் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். மழைக்காலத்தில் வெளியூர் வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. வருடங்கள் போகின்றன. ஒரு நாள் விடியற்காலையில் அவள் உப்பளத்துக்கு வருகிறாள். முந்தின நாள் அவளும் மற்றவர்களும் மிதித்து முடித்த பாத்தியின் நடுவே ஒரு ஆளின் கால்தடம். வரிசையாக நடந்து வந்து, வரப்புக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அவள் அதன் அருகே தன் காலை வைத்து அளவு பார்க்கிறாள். கதை அங்கே முடிந்துவிடும். வந்தவன் அவனா, வந்துவிட்டுப் போய்விட்டானா, அவளே கண்ட தோற்றமா, ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பத்திரிகைக்கு வந்த இரண்டு கடிதங்களில் அந்த முடிவைப் பாராட்டியிருந்தார்கள். ஒருவர், 'வாசகரை மதிக்கும் முடிவு' என்றே எழுதியிருந்தார். அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

நூலகத்தில் வேலை செய்யும் பெண்மணிதான் யோசனை சொன்னார். "உப்பளத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க. உப்பளத்துலயே போய் படிச்சா என்ன?" எனக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது.

பாதிக் கதையைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தலையை நிமிர்த்தினேன். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்தபடி ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார்.

அவரை எனக்குத் தெரியும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வருடத்துக்கு ஒரு முறையாவது என் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நகல் எடுப்பார். பிளாஸ்டிக் கவருக்குள், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன காகிதம். அவர் புருஷனைக் காணவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுத்த புகார். உப்பளத்தில்தான் அந்த மனிதருக்கும் வேலை. மழையில் பாத்தியெல்லாம் முங்கிக் கிடக்கும் மாதங்களில் ஆண்கள் கட்டட வேலைக்கு வெளியூர் போவது வழக்கம். அப்படிப் போனவர் திரும்பவில்லை. முதல் தடவை நகல் எடுத்தபோதே அந்தக் காகிதத்தை நான் முழுதும் படித்துவிட்டேன். படிக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லாரும் படிக்கத்தான் செய்கிறோம். ஆனால் எல்லாரும் கதை எழுதுவதில்லை.

ஊரையும் வயதையும் மாற்றிவிட்டேன். பெண் பிள்ளையை ஆண் பிள்ளையாக்கினேன். அந்தப் புகாரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. எது கதைக்கு உதவும், எது உதவாது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அவர் உப்பளத்தில் வேலை செய்கிறார் என்று தெரியும். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்று தெரியாது. அந்த இடத்தில் நான் பத்திரிகையை மூடியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். மூடவில்லை. அந்தக் கடைசிப் பத்தியை என் குரலிலேயே கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. படித்து முடித்தேன்.

தலையில் பச்சைத் துண்டு கட்டியிருந்த ஒருத்தர், "அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதாங்க. கதை முடிஞ்சிடுச்சு."

"எங்க முடிஞ்சுது? அவன் வந்தானா இல்லையா, அதைச் சொல்லு."

"அது உங்க முடிவுங்க. நான் அதை உங்க கையில குடுத்துட்டேன்."

"எங்க கையில உப்புதான் இருக்குது. அதுல நீ வேற என்னாத்த வெக்கற?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "பேப்பர் தீந்துடுச்சு போலருக்குதுடீ. ஜெராக்ஸ் கடை வெச்சிக்கினு பேப்பருக்குப் பஞ்சம் பாரு" என்றது.

நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. நல்ல கதை கதவைச் சாத்தாது, வாசகர் உள்ளே வர இடம் விடும், பத்துப் பேர் படித்தால் பத்து முடிவு வரும், அதுதான் கதையின் அழகு என்று என்னென்னவோ சொன்னேன். கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். பச்சைத் துண்டு சோற்றை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கையைக் கழுவினார்.

"சரி, எங்களையே முடிவு பண்ணச் சொல்றியே, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கால்தடம் எங்க இருந்துது? வரப்பு மேலயா, பாத்திக்குள்ளயா?"

"பாத்திக்குள்ளங்க. நடுவுல."

"மிதிச்சு முடிச்ச பாத்தியிலயா?"

"ஆமாங்க. முந்தின நாள்தான் மிதிச்சு முடிச்சாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அது அவன் இல்ல" என்றார் பச்சைத் துண்டு.

எனக்குப் புரியவில்லை. புரியவைத்தார்கள். பொங்கல் முடிந்து மழைத்தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். வரிசையாக நின்று, நாள்கணக்கில், தரை அப்போதுதான் பூசிய சிமெண்டுபோல் ஆகும்வரை. மிதித்து முடித்துவிட்டால் தண்ணீர் விடும்வரை அதற்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். ஒரு தடம் விழுந்தாலும் அந்த இடத்தில் சேறு கிளம்பும், அந்தப் பருவம் முழுக்க உப்பு கறுப்பாக வரும். இதெல்லாம் உப்பளத்துப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும்.

"எங்க ஆளு குடிச்சிட்டு வந்தாக்கூட வரப்பைச் சுத்திக்கினுதான் போவான். பொண்டாட்டி மிதிச்ச பாத்தியில காலை வெப்பானா?"

"மொதலாளியா இருக்கும்."

"மொதலாளியே வெக்க மாட்டாருடீ. ஆடு ஓட்டிக்கினு வந்தவன் எவனாச்சும் இருப்பான்."

"பாண்டியிலேருந்து கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க வருதுங்களே, அதுங்கதான். போன வாரம்கூட ஒருத்தி கவுனைத் தூக்கிக்கினு பாத்திக்குள்ள எறங்கப் பார்த்தா. மேஸ்திரி ஒரு கத்து கத்தினாரு பாரு."

கொட்டகையே சிரித்தது. பத்து முடிவு வரும் என்று சொன்னேனே, ஒரே முடிவுதான் வந்தது. அது கண்டிப்பாக அவன் இல்லை, எவனோ வழி தெரியாத வெளியூர்க்காரன். என் கதையின் பெண் யாரோ ஒரு போட்டோக்காரனின் தடத்துக்குப் பக்கத்தில் காலை வைத்து அழுதுகொண்டு நிற்கிறாள். நான் திறந்து வைத்ததாக நினைத்த கதவை, நானே தெரியாமல் ஆணி அடித்து மூடியிருந்தேன்.

சிரிப்பு திடீரென்று நின்றது. அந்த அக்கா எழுந்துவிட்டார். வாளியை மூடினார். குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், "நான் வரேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். வெயிலில் அந்த வெள்ளை வெளியில் அவர் சின்னதாகிக்கொண்டே போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பச்சைத் துண்டு என் பக்கமாகச் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இது அவ கதையா?"

"சும்மா கதைதாங்க" என்றேன்.

அவர் அதை நம்பவில்லை. ஆனாலும், என் கையில் ஒரு உருண்டை ஊறுகாய் சோறு வைத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த மூன்று மாதம் ஒரு வரி எழுதவில்லை. இல்லை, எழுதினேன். அந்த ஒரு பத்தியையே திரும்பத் திரும்ப எழுதினேன். தடத்தை வரப்புக்கு மாற்றிப் பார்த்தேன். காய்ந்து இறுகிய வரப்பில் தடம் எங்கே நிற்கும்? அவன் வந்துவிட்டதாக எழுதினேன். பொய்யாக இருந்தது. செத்துவிட்டான் என்று எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டுவரைகூடப் போனேன். திரும்பி வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். தூரத்தில் தலையில் சுமையோடு நடக்கும் பெண்களில் அந்த அக்கா இருப்பாரோ என்று பார்ப்பேன். இருந்துவிடுவாரோ என்று பயந்து வண்டியை வேகமாக ஓட்டுவேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம் அவரே கடைக்கு வந்தார். பக்கத்தில் பன்னிரண்டாவது முடித்திருந்த அவர் மகள். கையில் ஒரு கல்லூரி விடுதியின் விண்ணப்பம். நர்ஸிங் படிப்புக்கு அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவர்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போய்வர நேரத்துக்குப் பஸ் கிடையாது. விடுதி கிடைத்தால்தான் படிப்பு. மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்கக் கடைசி நாள்.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ஒரு இடத்தில் பேனா நின்றது. 'தந்தை' என்று போட்டு மூன்று கட்டங்கள். உயிருடன் உள்ளார். காலமானார். குடும்பத்தைப் பிரிந்து வாழ்கிறார். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

மகள் என்னைப் பார்த்து, "காலமானார்னு போட்டுடுங்கக்கா. அப்பா இல்லாதவங்களுக்குத்தான் ஹாஸ்டல்ல மொதல்ல எடம் தர்றாங்களாம்" என்றாள்.

"வாயை மூடுடீ" என்றார் அக்கா.

"ஒரு டிக்தானேம்மா."

"உங்கப்பனை ஒரு டிக்குல சாவடிக்கச் சொல்றியா?"

"அப்ப பிரிஞ்சு போயிட்டாருன்னு போடு. ஏதாவது ஒண்ணு போட்டாத்தானே வாங்குவாங்க? நான் என்னதான் பண்றது?" அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. அவள் திரும்பி நின்று சாலையைப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்பாதான். ஆனால் அவளுக்கு நாளை என்று ஒன்று இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. எதுல போடலாம்?"

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "அது உங்க விருப்பம்க்கா."

அவர் என்னையே பார்த்தார். "கதையிலயும் இதையேதான் சொன்ன" என்றார்.

மூன்று மாதமாக நான் ஓடி ஒளிந்துகொண்டிருந்த பேச்சு, என் மேஜைக்கு எதிரில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"அந்தக் கால்தடத்தைத் தெரிஞ்சு வெச்சியா, தெரியாம வெச்சியா?"

"தெரியாமதான்க்கா வெச்சேன். மிதிச்ச பாத்தியில நடக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் மூச்சை விட்டார். கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஏதோ ஒரு பாரத்தை இறக்கியதுபோல் இருந்தது. "நான் வேற நெனச்சிட்டேன். ஊர்ல இருக்கற எல்லார் பேப்பரும் உன் மெஷினுக்குள்ளதானே போவுது. எங்கியாவது எவனோ குடுத்த பேப்பர்ல அவரு பேரைப் பார்த்திருக்கா, நேரா சொல்ல மனசு வராம கதையா சொல்றா போலன்னு நெனச்சேன். அவரு வந்து பார்த்துட்டுப் போயிட்டாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குதுன்னு." கொஞ்சம் சிரித்தார். "அவரு பாத்தியில காலை வெக்க மாட்டாருன்னு தெரிஞ்சும், மறுநாள் இருட்டோட போய் எல்லாப் பாத்தியையும் சுத்திப் பார்த்தேன், பைத்தியக்காரி."

எழுதும்போது வாசகர் என்று ஒருவரை மனதில் வைத்துக்கொள்வேன். அவருக்கு நேரம் இருக்கும். நாற்காலியில் சாய்ந்து, வந்தவன் அவனா, இல்லையா என்று சாவகாசமாக யோசிப்பார். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பு வரப்பாகத் தேடும் வாசகர் ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கால்தடம் சரி, உனக்குத் தெரியாது. அந்தப் பை?"

அவர் புகார் இருந்த பிளாஸ்டிக் கவரை மேஜைமேல் வைத்து, மேலேயே ஒரு விரலை வைத்தார்.

"இதுல இருக்குதே. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பையை எடுத்துக்கினு போனாருன்னு கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்கன்னு. நீ இதைப் படிச்சிருக்கற. படிக்காம அந்தக் கதை வராது. கதையில அந்தப் பையைக் காணோமே?"

அந்த வரி எனக்கு நன்றாகவே தெரியும். அதை வேண்டுமென்றே விட்டேன். பையோடு போனான் என்று எழுதினால், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று படிப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள். தராசு நடுவில் நிற்க வேண்டும் என்று ஒரு தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டேன். அதற்குப் பெயர் வாசகரை மதிப்பது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். "எழுதினா அவரு விட்டுட்டுப் போயிட்டாருன்னு எல்லாரும் நினைச்சுடுவாங்கன்னு பயந்தேன்க்கா. முடிவு கெட்டுடும்னு."

அக்கா கவரைத் தடவினார். அப்புறம் சொன்னார்.

"ஆறு வருஷமா நான் அந்தப் பையையும் சேர்த்து வெச்சிக்கினுதான்மா காத்துக்கினு இருக்கறேன். பை இல்லாம காத்துக்கினு இருக்கறது யாருக்குத்தான் வராது?"

நான் விண்ணப்பத்தை எடுத்து அந்த மூன்று கட்டங்களை மறுபடி பார்த்தேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குக் கடைசி நாளும்மா" என்றாள், மெதுவாக.

"தெரியும்." அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒரு வெள்ளைப் பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. டிக்கு எதுலயும் வேணாம்."

எடுத்தேன். வருடக்கணக்கில் மனு எழுதிய கை. அவர் வாயைத் திறப்பதற்குள், 'கண்ணீருடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று தலைப்பு போட்டுவிட்டேன். அடித்துவிடச் சொன்னார். 'என் கணவர் மாயமாகி' என்று எழுதினேன். "மாயமாவறதுக்கு அவரு என்னா மந்திரவாதியா?" என்றார். அவர் மகளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் என் வார்த்தை ஒன்றையும் சேர்க்கவில்லை. அவர் பேச்சில் சொன்னதைக் கொஞ்சம் எழுத்தாக்கினேன், அவ்வளவுதான்.

'என் கணவர் ஆறு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் கட்டட வேலைக்கு வெளியூர் போனார். பதினெட்டு நாள் தினமும் போனில் பேசினார். அதற்குப் பிறகு பேசவில்லை. வேலை செய்த இடத்துக்குப் போய்க் கேட்டோம். ஒரு சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போனார் என்று சொன்னார்கள்.'

இந்த இடத்தில் நான் பேனாவைத் தூக்கினேன். "அக்கா, பை வேணாமே. ஹாஸ்டல்ல இதைப் படிச்சா பிரிஞ்சு போனவருன்னு எடுத்துக்குவாங்க. பாப்பாவுக்கு எடம் கிடைக்காமப் போயிடும்" என்றேன். மகளும் அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கல்லாப் பக்கம் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி, உள்ளங்கையில் உப்பு அரித்த வெடிப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே யோசித்தார். மகளின் படிப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.

"இருக்கட்டும்" என்றார். "அது நமக்கு நல்லது செய்யாது. ஆனா தெரிஞ்சதாச்சே. தெரிஞ்சதை மறைச்சா, தெரியாததைத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மீதியையும் சொன்னார்.

'போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நகல் வைத்திருக்கிறேன். அவர் இறந்ததை யாரும் பார்க்கவில்லை. எங்களைப் பிரிந்து போவதாக அவரும் சொல்லவில்லை. அவர் போனது தெரியும். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் இதில் சொல்லிவிட்டேன். எந்தக் கட்டம் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வரியை எழுதும்போதுதான் கவனித்தேன். நான் உப்பளத்துக் கொட்டகையில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன அதே விஷயம். முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னபோது என் மடியில் ஒரு பை இருந்தது. அவர் சொன்னபோது அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பருவம் முடிந்து கடைசி உப்பையும் வாரிவிட்ட பாத்திபோல் வழித்துக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. எனக்குத் தர வேண்டிய காசை எடுத்தபோது வேண்டாம் என்றேன். "அப்ப அடுத்த தடவை வேற கடைக்குத்தான் போவேன்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து மகள் மட்டும் கடைக்கு ஓடிவந்தாள். விடுதியில் இடம் கொடுத்துவிட்டார்கள். சேரும்போது காட்ட வேண்டும் என்று அவர்கள் திருப்பி அனுப்பியிருந்த விண்ணப்பத்தை நகல் எடுக்கக் கொண்டுவந்திருந்தாள். மூன்று கட்டங்களும் காலியாகவே இருந்தன. அதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'விவரம் இணைப்பில் உள்ளது' என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை எழுதியவர் ஆணா, பெண்ணா, எந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர், ஒன்றும் தெரியாது. ஒரு கடிதத்தை முழுதாகப் படித்து, அது சொன்ன இடம்வரை வந்து, அது நின்ற இடத்தில் தானும் நின்ற ஒரு ஆள். எனக்கு வந்த அந்த இரண்டு வாசகர் கடிதங்களை விட அந்தப் பென்சில் வரியை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகலில் பென்சில் சரியாக விழவில்லை. மையைக் கூட்டி இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தேன்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் கதையைத் திருத்தி எழுதினேன். "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத" என்றார். கால்தடம் போய்விட்டது. பை வந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு போனான் என்ற செய்தி வந்த பிறகும், வருடாவருடம் பொங்கல் முடிந்ததும் அவள் பாத்தி மிதிக்க இறங்குகிறாள். வரிசையில் அவன் எப்போதும் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு நின்று மிதிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து மிதித்துக் கொடுக்கிறார்கள். அதோடு முடித்தேன்.

அடுத்த மாசியில் அதே கொட்டகையில் அதைப் படித்தேன். இந்த முறை அந்த அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். படித்து முடித்ததும் எல்லாரும் பச்சைத் துண்டைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"இப்பவும் முடியலையே" என்றார்.

"ஆமாங்க."

"ஆனா இது பரவால்ல. இப்ப எங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உனக்கும் தெரியுது."

அன்றைக்கு அவன் வருவானா மாட்டானா என்று கொட்டகையில் பெரிய சண்டையே நடந்தது. பையோடு போனவன் வர மாட்டான் என்று பாதிப் பேர். பையை எடுக்காமல் எவன்டி ஊருக்குக் கிளம்புவான், வீட்டுக்கு வரத்தான் எடுத்திருப்பான், வழியில் என்ன ஆச்சோ என்று மீதிப் பேர். அது எனக்குத் தோன்றவே இல்லை. பை இரண்டு பக்கமும் பேசும் என்று தெரியாமல்தான் அதை ஒளித்து வைத்திருந்தேன். அக்கா எந்தப் பக்கமும் பேசவில்லை. நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கம் சொல்வதையும் கேட்டபடி, வாளியில் இருந்த சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

இப்போதும் ஒரு கதையை முடிக்காமல் நிறுத்தும்போது, மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லும். உடனே எழுந்து, நான் ஒளித்து வைத்த பை ஏதாவது இன்னும் என் மடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுகிறேன்.